இடுப்பளவுக் கல்லூரி

உலகத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவை அத்தனைக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அரும்பாடுபட்டு ஆள் சேர்ப்பார்கள். பாடம் சொல்லித் தருவார்கள். படித்தவன் நன்றாகத் தேறி, பார்க்க லட்சணமாக வந்து நிற்கும் நேரத்தில், கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து 'போய் வா' என்று வாசலைக் காட்டிவிடுவார்கள். இந்த ஊதாரித்தனத்தை எந்தக் கல்வி மேதையாவது தட்டிக் கேட்டதுண்டா? கிடையாது. கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் சாம்பசிவம். கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா போகும் வழியில் இருந்த குளிராற்றுத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கட்டிக்காத்த 'குளிராறு சமுதாயக் கல்லூரி', ஒரு மாணவரைக்கூட வெளியே விட்டதில்லை. தொடக்கத்தில் நடந்த ஒரு விபத்தை இதில் சேர்க்கக் கூடாது. அந்த விபத்தின் பெயர் முனியாண்டி.

கல்லூரி பிறந்தது எழுபத்து நான்காம் ஆண்டு. தோட்டங்களில் 'சமுதாய முன்னேற்றம்' ஏதாவது நடந்தாக வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ பேசிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரை அவசர அவசரமாக ஒரு பூப்பந்துத் திடல் போட்டார். குளிராற்றுத் துரைக்குச் சோறு இறங்கவில்லை. கொழுந்து வாட்டும் பழைய கொட்டகையைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார். முழங்கால் வலியால் மலைச்சரிவில் ஏற முடியாமல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த வெளிக்காட்டுக் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவத்தைக் கூப்பிட்டார்.

"சாம்பசிவம், இன்னையிலேருந்து நீதான் காலேஜுக்குத் தற்காலிக முதல்வர். நல்லா நடத்து. அடுத்த வருசம் தற்காலிகத்த எடுத்துரலாம்."

"சரிங்க துரை" என்றார் சாம்பசிவம். அவர் வாழ்க்கையில் அதிகம் பேசிய வாக்கியம் அதுதான். அதை அழகாகச் சொல்வார். இடுப்பிலிருந்து லேசாகக் குனிந்து சொல்வார்.

சாம்பசிவத்துக்குக் கல்வி பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்டார்கள். பொறாமைக்காரர்கள். அவருக்கு மலாய் எழுத்து தெரியும், தட்டச்சு தெரியும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கவாத்து தெரியும். தேயிலைச் செடியைப் பார்த்தவர்கள் அதைச் செடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மரம். சும்மா விட்டால் வீட்டுக் கூரைக்கு மேலே போய்விடும். போனால் கொழுந்து கைக்கு எட்டாது. அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை அதை இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிறார்கள். அதுதான் கவாத்து. அந்த இடுப்பளவைக் காட்ட ஒரு கோல் உண்டு. சிவப்புச் சாயம் பூசிய அந்தக் கோலோடுதான் சாம்பசிவம் தன் இளமை முழுவதையும் காட்டில் கழித்தார். முதல்வரானதும் அதைக் கொண்டுவந்து தன் மேசைமேல் வைத்தார். மற்ற முதல்வர்கள் மேசைமேல் உலக உருண்டை வைத்திருப்பார்கள். இது அதைவிட நேர்மையான பொருள்.

முதல் வருஷம் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. பகலெல்லாம் கொழுந்தெடுத்தவர்கள் சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வந்து மலாயும் தட்டச்சும் படித்தார்கள். அப்போதுதான் அந்த விபத்து. முனியாண்டி என்ற இளைஞன் ஒழுங்காகப் படித்து, தேறி, சான்றிதழ் வாங்கி, ஈப்போவில் ஒரு லோரிக் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில், கங்காணி வேலை பார்க்கும் தண்டல் காளிமுத்து அவன் பெயரைக் கூப்பிட்டார். மூடுபனிதான் இருந்தது. பதில் இல்லை.

துரை சாம்பசிவத்தை வரச்சொன்னார்.

"ஒரு தல கொறையுது."

"பாஸ் பண்ணிட்டாங்க துரை. ஈப்போவுல வேல. நம்ம காலேஜுக்குப் பெருமைங்க."

"என்னா பெருமை? கொழுந்து காட்ட விட்டு ஓடிப்போச்சு. நீ செடிய சரியா பாக்கலன்னு அர்த்தம்."

"அது செடி இல்லிங்களே துரை... ஆளு..."

"ரெண்டும் என் தோட்டத்துலதான இருக்கு?"

இந்தக் கேள்வியின் ஆழத்தைச் சாம்பசிவம் அப்படியே சுமந்துகொண்டு வந்து அவசரக் கூட்டம் கூட்டினார். கல்லூரியின் ஆட்சிக்குழு மூன்று பேர். முதல்வர் சாம்பசிவம், துணை முதல்வர் தண்டல் காளிமுத்து, 'வெளியுலகப் பிரதிநிதி' மைதீன். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மைதீன், கல்லூரி விழாக்களுக்கு வடையும் தேநீரும் கொடுப்பவர் என்ற முறையில் கல்வியாளர் ஆனவர். நான்காவதாகத் துரையின் நாற்காலி இருந்தது. துரை வரமாட்டார், நாற்காலி தவறாமல் வரும். அதற்கு மெத்தை உண்டு.

"படிச்சவன் போயிடுறான். என்னா செய்யலாம்?" என்றார் சாம்பசிவம்.

காளிமுத்து மீசையைத் தடவினார். "நமக்குத் தெரிஞ்ச வேலயச் செய்வோம் கிராணி. செடி ஒசந்தா என்னா பண்ணுவோம்?"

"கவாத்து பண்ணுவோம்."

"அதான் லா."

மைதீன் பதறிப்போனார். "யா அல்லா! மனுசன எங்கண்ணே வெட்டுவீங்க?"

"இடுப்புல" என்றார் காளிமுத்து, யோசிக்காமல். பிறகு மைதீன் முகத்தைப் பார்த்துவிட்டு, "படிப்போட இடுப்புல" என்று திருத்திக்கொண்டார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மைதீன் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவர் கையில் வடைத் தட்டு இருந்ததால் அது ஆதரவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. தீர்மானம் எளிமையானது: பரீட்சையில் தேறியவர் மறுபடி முதலாம் ஆண்டிலேயே சேர்க்கப்படுவார். தேறாதவர் எப்படியும் முதலாம் ஆண்டிலேயே இருப்பார். ஆக மொத்தம் யாரும் எங்கும் போக மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இதைத்தான் படித்தவர்கள் 'வளர்ச்சி' என்கிறார்கள்.

அதற்குப் பிறகு கல்லூரி வளர்ந்ததே ஒரு வளர்ச்சி, அடேயப்பா! முதலாம் ஆண்டு, முதலாம் ஆண்டு மறுதுளிர், முதலாம் ஆண்டு முதிர்துளிர் என்று வகுப்புகள் பெருகின. கொட்டகைக்குப் பக்கவாட்டில் இன்னொரு கொட்டகை இறங்கியது. சின்னக்கருப்பன் என்ற மாணவர் லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடுகிறவர் வீட்டில் பெண்ணெடுத்தார். கல்யாணப் பந்தலிலேயே மணப்பெண்ணையும் முதலாம் ஆண்டில் சேர்த்துவிட்டார்கள். ஆயாக்கொட்டகையில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் 'முன்பதிவு' ஆனார்கள். முதியவர் ராமையா ஒரு மழைக்காலத்தில் காலமானார். கல்லூரி மற்ற இடங்களைப் போல அவரைக் கைவிட்டுவிடவில்லை. 'நீண்ட விடுப்பில் இருக்கிறார்' என்று வைத்துக்கொண்டது.

வருஷந்தோறும் கவாத்து விழா. சாம்பசிவம் மேடையில் சிவப்புக் கோலுடன் நிற்பார். மாணவர் வந்து எதிரில் நிற்க வேண்டும். கேள்வி கேட்பார். சரியான பதில் வந்தால் கோலால் தோளைத் தொட்டு, "வளந்துட்டீங்க. சந்தோசம். திரும்பப் போங்க" என்பார். காளிமுத்து மாலை போடுவார். கூட்டம் கைதட்டும். ஒருமுறை சின்னக்கருப்பன் எல்லாக் கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு மாலை போட்டு, மறுபடி அரிச்சுவடி எழுத்துப் பழக்கத்துக்கு அனுப்பினார்கள். அன்று அவர் மனைவி அழுதது பெருமையினால்தான் என்று காளிமுத்து எல்லாரிடமும் சொன்னார்.

தட்டச்சு யந்திரம் கல்லூரிக்கு ஒன்றே ஒன்று. யாராவது வேகமாக அடிக்கத் தொடங்கினால் சாம்பசிவம் ஒரு விசையைச் சணல் கயிற்றால் கட்டிவிடுவார். அதிலும் பழகிவிட்டால் இன்னொன்றைக் கட்டுவார். எண்பத்து மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அந்த யந்திரம் பொட்டலம் கட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

பவளத்தினால்தான் அதற்கு இவ்வளவு கயிறு தேவைப்பட்டது.

பவளம் கொழுந்தெடுக்கும் பெண். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கல்லூரிக்கு வந்தவள். கல்லூரியின் முதல்தரமான மாணவி. எல்லாக் கவாத்திலும் மாலை வாங்கியவள். அவள் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்து வீடு. வீட்டிலிருந்து ஆள் வேலைக்கு வந்தால்தான் வீடு. அவளுக்கு நெஞ்சுச்சளி பிடித்து, முன்போல மலையேற முடியவில்லை. அவள் மகள் நவமணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். துரை ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்: வருகிற மாதம் மகள் பெரட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணட்டும்.

அதே வாரம் மைதீன் கடையில் ரொட்டி வாங்க வந்த கிளினிக் தாதி மிஸி சாரதா ஒரு சேதி சொன்னார். கம்போங் ராஜா கிளினிக்கில் பெயர்ச்சீட்டு அடிக்க ஒரு பெண் வேண்டும். மலாயும் தட்டச்சும் தெரிய வேண்டும். குடியிருக்க அறை உண்டு. படித்ததற்கு ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் போதும். ஆனால் மாதக் கடைசிக்குள் கொண்டுவர வேண்டும்.

மைதீன் கடையை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்து பவளத்திடம் சொன்னார். பவளம் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக முதல்வர் அறைக்குப் போனாள்.

"ஐயா, எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வேணும்."

சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கும்மா?"

"படிச்சதுக்கு."

"படிச்சவங்களுக்குத்தான் மால போடுறோமே?"

"மாலய வச்சி என் மக தலையில கொழுந்துக் கூடை ஏறாம தடுக்க முடியுமாய்யா? இந்த மாசக் கடைசிக்குள்ள கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும். இல்லன்னா நவமணி பெரட்டுல நிக்கணும். ஒரு கையெழுத்துத்தான்."

"பவளம், நீதாம்மா நம்ம காலேஜோட தலக்கொழுந்து. ஒன்ன விட்டா காலேஜுல என்னா இருக்கு? அதுவும் இந்த வருசம் கல்வி இலாகாவுலேருந்து பெகாவாய் வரப்போறாரு. வந்து பாத்து, நம்மள அரசாங்கத்துல பதியப்போறாரு. பலகையெல்லாம் எழுதி வச்சாச்சு. பதிஞ்ச ஒடனே தற்காலிகத்த எடுத்துடுறேன்னு துரை சொல்லியிருக்காரு. இந்த நேரத்துல ஒரு தல கொறஞ்சா?"

பவளம் மேசைமேல் இருந்த கோலைப் பார்த்தாள். எல்லாருக்கும் கோபம் வந்தால் குரல் உயரும், அவளுக்குத் தணியும்.

"ஐயா, நீங்க காட்டுல இவ்வளவு காலம் இருந்தீங்க. எல்லாச் செடியையுமா வெட்டுனீங்க?"

"ஆமா."

"இல்லிங்கய்யா. ஆத்தோரத்துல வரிசையா நிக்கிதே, அண்ணாந்து பாக்கணுமே, அதுவும் தேயிலதான? வெதைக்குன்னு வெட்டாம வுட்டதுதான? அதுலேருந்துதான இந்தத் தோட்டமே வந்திச்சு?"

அந்த மரங்களைச் சாம்பசிவம் தினமும் பார்த்தவர். வெள்ளைப் பூ பூத்து, காய் வெடித்து, விதை உதிர்வதைப் பார்த்தவர். விதை மரத்துக்குக் கவாத்து கிடையாது என்பது தேயிலைச் சட்டம். அதை இந்தப் பெண் இப்படிக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

"ஒரே ஒரு ஆள வெதைக்கு வுட்டதா நெனச்சுக்குங்களேன்" என்றாள் பவளம்.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையாகவே சிலிர்த்தது. ஒரு மாணவி சொன்னதைக் கேட்டு முதல்வருக்குச் சிலிர்ப்பது அந்தக் கல்லூரியில் அதுவே முதல் தடவை. "இரும்மா, துரைகிட்ட பேசிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு முழங்கால் வலியை மறந்து பங்களா மேட்டில் ஏறினார்.

துரை வராந்தாவில் பலகைக்குச் சாயம் பூசுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பூப்பந்துத் திடலுக்குக் கூரை வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. சாம்பசிவம் விதை மரத்தைப் பற்றிச் சொன்னார். நன்றாகவே சொன்னார். துரை கடைசிவரை கேட்டார். அது துரையின் பெருந்தன்மை.

"பகூஸ்! நல்லாத்தான் யோசிக்கிறா" என்றார் துரை. "ஆனா சாம்பசிவம், இப்ப யாரு வெதை போடுறா? வெதை எல்லாம் பழைய காலம். இப்ப நல்ல செடியிலேருந்து ஒரு கிளைய வெட்டி மண்ணுல குத்துறோம். வந்துடுது. அந்த வெதை மரத்தக்கூட வெட்டி வெறகாக்கச் சொல்லிட்டேன். பவளம் நல்ல செடியா?"

"ரொம்ப நல்ல செடிங்க துரை."

"மக இருக்காளா?"

"இருக்கா துரை. நவமணி."

"அப்புறம் என்னா? கிளை இருக்குதே. திங்கக்கெழம பெரட்டுல குத்திடு. சாயங்காலம் காலேஜுல சேத்துடு. ஒரு தல ஏறிடும்."

சாம்பசிவம் இடுப்பிலிருந்து குனிந்து, "சரிங்க துரை" என்றார்.

அவர் பவளத்திடம் திரும்பி வந்து சொன்ன விதத்தையும் பாராட்டியே ஆக வேண்டும். "ஒங்க ரெண்டு பேரையும் தோட்டம் விரும்புதும்மா" என்றார். பவளம் அழவில்லை. தட்டச்சு யந்திரத்தின் மேல் கிடந்த கயிற்றுநுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பெகாவாய் என்னைக்கிங்கய்யா வர்றாரு?"

"ஞாயித்துக்கெழம. நீதாம்மா நன்றியுரை."

"சரிங்கய்யா" என்றாள் பவளம். ஆனால் அவள் குனியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை முழுக்கத் தோரணம். முதலாம் ஆண்டுக்காரர்கள் எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து உட்கார்ந்தார்கள். சிலருக்கு முதலாம் ஆண்டிலேயே தலை நரைத்திருந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் 'நீண்ட விடுப்பு' என்று எழுதி மாலை போட்டிருந்தார்கள். வெளியே துணி போர்த்திய பலகை. துரை தன் நாற்காலியில் முதல் முறையாகத் தானே உட்கார்ந்திருந்தார்.

கல்வி இலாகாவிலிருந்து வந்த பெகாவாய் கண்ணாடி போட்ட இளம் அதிகாரி. அவர் சுற்றிப் பார்த்தார். வகுப்புகளைப் பார்த்தார். தொட்டில்களையும் பார்த்தார். சாம்பசிவம் ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் ஏறிய கதையை விவரித்தார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் மலாயில் ஒரு கேள்வி கேட்டார். அது கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. எல்லாருமே மலாய்ப் பரீட்சையில் பலமுறை தேறியவர்கள் அல்லவா?

"இவர்கள் இப்போது படிக்கிறவர்கள். சரி. படித்து முடித்தவர்கள் எங்கே?"

சாம்பசிவத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. "அப்படி யாருமே இல்லை துவான். நாங்கள் யாரையும் விட்டதில்லை!"

"ஒருவரைக்கூடவா?"

"ஒருவரைக்கூட."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உள்ளே போனவர் யாருமே வெளியே வராத கட்டடத்தை நான் கல்லூரி என்று பதிய முடியாது. அப்படிப்பட்ட கட்டடங்களைக் கவனிக்க அரசாங்கத்தில் வேறு இலாகா இருக்கிறது. படித்து முடித்த ஒருவரையாவது காட்டுங்கள்."

துரையின் முகம் விழுந்தது. அவர் சாம்பசிவத்தின் காதருகே வந்தார்.

"ஒரு பழைய ஆளக் கொண்டா. சீக்கிரம்."

"முனியாண்டி ஈப்போவுல இருக்கான் துரை."

"ஈப்போ தூரம், மடையா!"

அப்போது பவளம் எழுந்தாள். நன்றியுரைக்கு இன்னும் நேரம் இருந்தது. மேடைக்கும் அவள் வரவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நேராக வாசலை நோக்கி நடந்தாள். மகள் நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வாசற்படியைத் தாண்டி வெளியே தூறலில் நின்றார்கள். பவளம் திரும்பி உள்ளே பார்த்துக் கைகூப்பினாள்.

"வணக்கம் துவான். நான் இந்தக் காலேஜோட பழைய மாணவி" என்று சுத்தமான மலாயில் சொன்னாள்.

அதிகாரி வாசலுக்கு வந்தார்.

"எப்போது படித்து முடித்தீர்கள்?"

"இப்பத்தான் துவான்."

"சான்றிதழ்?"

"அத மட்டும் எங்க முதல்வர் மறந்துட்டாரு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் கடமையில் கண்டிப்பானவர். தட்டச்சு யந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு வரி சொல்வேன், அடித்துக் காட்டுங்கள் என்றார். காளிமுத்து யந்திரத்தைத் தூக்கி வந்து வாசற்படிமேல் வைத்தார். அது கயிற்றுக்குள் கிடந்தது.

பவளம் சாம்பசிவத்தைப் பார்த்தாள். "ஐயா, இந்தக் கயித்த அவுத்துடுங்க. கட்டுனது நீங்க. எனக்கு அவுக்கத் தெரியாது."

சாம்பசிவம் துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துரை ஒன்றும் சொல்லாமல் சாம்பசிவம் ஒரு காரியமும் செய்தவரில்லை. ஆனாலும் அவர் படிக்குப் போனார். குனிந்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சில முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன; பல்லால் கடித்து அவிழ்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இடத்தில் நமக்கும் கேலி செய்ய வாய் வரவில்லை.

பவளம் அடித்தாள். அதிகாரி சொல்லி முடிப்பதற்கு முன்பே அடித்து முடித்தாள். சாம்பசிவம் அதே யந்திரத்தில் ஒரு சான்றிதழ் அடித்து, கையெழுத்துப் போட்டு, கீழே வழக்கம்போல 'தற்காலிக முதல்வர்' என்று எழுதி அவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம நவமணி பெரட்டுக்கு வரமாட்டா தண்டல்" என்றாள் காளிமுத்துவிடம்.

அத்தோடு முடிந்திருந்தால் துரை சமாளித்திருப்பார். ஆனால் சின்னக்கருப்பன் எழுந்தார். "நானும் பழைய மாணவன்தான் துவான்" என்று சொல்லிக்கொண்டே படியைத் தாண்டினார். பின்னாலேயே அவர் மனைவி. பிறகு மறுதுளிர் வகுப்பு. பிறகு முதிர்துளிர். ஒவ்வொருவராகப் படி தாண்டி, தூறலில் வரிசை கட்டி நின்று, சான்றிதழுக்குக் கை நீட்டினார்கள். அதிகாரிக்குக் குதூகலம் தாங்கவில்லை. மொத்த மாணவரும் ஒரே நாளில் தேறிய கல்லூரியை அவர் எங்குமே கண்டதில்லையாம். அங்கேயே, அந்த நிமிஷமே, குளிராறு சமுதாயக் கல்லூரியை அரசாங்கத்தில் பதிந்துவிட்டதாக அறிவித்தார். அந்த நிமிஷத்தில் அதில் ஒரு மாணவரும் இல்லை. நீண்ட விடுப்பில் இருந்த ராமையா மட்டும்தான் மிச்சம்.

துரை கைதட்டினார். வேறு என்ன செய்வார்? நாளைக்குப் பெரட்டில் எத்தனை பேர் நிற்பார்கள் என்ற கவலையோடே தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு மைதீன் வடைத் தட்டுகளை லோரியில் ஏற்றினார். முன்பக்கம் பவளமும் நவமணியும் மூட்டைமுடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். கம்போங் ராஜாவில் அவர்களை இறக்கிவிடுவதாக மைதீன் ஒப்புக்கொண்டிருந்தார். காலிக் கொட்டகையில் சாம்பசிவம் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களும் வந்துடுங்க" என்றார் மைதீன். "பிரிஞ்சாங்ல என் கட மாடி சும்மாதான் கெடக்கு. பிள்ளைங்களுக்கு மலாய் சொல்லிக் குடுங்க. படிச்சவன வெளிய வுடுற மாதிரி ஒரு காலேஜு வைப்போம்."

பவளம் லோரியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏறுங்கய்யா. எங்கள எல்லாம் வுட்டீங்க. ஒங்கள யாரு வுடுறது?"

சாம்பசிவம் ஓரடி எடுத்து வைத்தார். வாசற்படிவரை வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"அடுத்த வருசம் பாப்போம் தம்பி" என்றார். "இப்பத்தான் பதிஞ்சிருக்கு. தற்காலிகத்த எடுத்துடுறேன்னு துரை சொல்லியிருக்காரு. இந்த நேரத்துல போனா நல்லாருக்காது."

லோரி போய்விட்டது. சாம்பசிவம் சிவப்புக் கோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்து, துரை திறந்துவைத்த பலகையின் முன் நின்றார். மேலே 'நிறுவனர்' என்று துரையின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே 'தற்காலிக முதல்வர்: சாம்பசிவம்' என்று இருந்தது.

ஆக, ஒருவரையும் வெளியே விடாத கல்லூரி என்று தொடக்கத்தில் சொன்னது அப்படியொன்றும் பொய்யாகிவிடவில்லை. ஒருவரை அது கடைசிவரை விடவில்லை. கேமரன் மலை மழைக்கு எத்தனையோ பலகைகள் வெளுத்துப் போயின. துரையின் பெயரே சில வருஷத்தில் உதிர்ந்துவிட்டது. 'தற்காலிக' என்ற சொல் மட்டும் அன்று எழுதியது போலவே பளபளவென்று இருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் துரை நல்ல சாயமாகப் பார்த்து இரண்டு பூச்சு பூசச் சொல்லியிருந்தாராம்.